ஈராண்டுக் கல்லூரியும் பௌதிகப் பட்டமும்

1929-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகம் வீடு மாறிற்று. வெர்மாண்ட் சாலையில் பத்தாண்டுகளாக இயங்கிவந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தென்கிளை, நகரின் மேற்கே வெஸ்ட்வுட் என்னுமிடத்தில் தனக்கென எழுப்பிய புதிய மாளிகைகளுக்குக் குடிபோயிற்று. அது விட்டுச் சென்ற பழைய கட்டடங்களில் அதே மாதத்தில் வேறொரு கல்லூரி திறக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூனியர் கல்லூரி என்பது அதன் பெயர். 1938-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்லூரி என்று அப்பெயர் மாறியது. இரண்டே ஆண்டுப் படிப்பு. முழுப் பட்டம் அங்கே கிடையாது. ஆயினும் தொடக்கத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் வந்து குவிந்தனர்.

பல்கலைக்கழகம் காலி செய்துவிட்டுப் போன வகுப்பறையில் உட்கார்ந்து முதல் இரண்டு ஆண்டுகளைக் கழித்த ஒருவன், பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்தையே எட்டிப் பிடித்து, மூன்றாம் ஆண்டு மாணவருடன் சமமாக அமர முடியுமா? இலக்கியமோ வரலாறோ பயில்பவனுக்கு இது பெருந்தடையன்று. பௌதிகம் பயில விரும்புபவனுக்கு, அதாவது இன்று இயற்பியல் என நாம் வழங்கும் துறையைத் தேர்ந்தவனுக்கு, இக்கேள்வி வாழ்க்கைப் பிரச்சினை. ஏறத்தாழ 125 ஆண்டுகளாக அமெரிக்க நாடு இதற்கு விடை தேடி வந்திருக்கிறது. அந்தக் கதையை நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்றால் தொழிற்பயிற்சி என்றே பொருள்படும். 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் முதன்முதலில் அப்பெயரில் ஒன்றைத் தொடங்கியதும், பின்னர்ப் பிற மாநிலங்களில் பரவியதும் பெரும்பாலும் அந்த வகையினவே. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி அத்தகையதன்று. அங்கே தச்சுவேலையும் தாதியர் பயிற்சியும் உண்டு. அவற்றோடு, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பின் முதற்பாதியும் உண்டு. அந்த முதற்பாதியை முடித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வதையே அவர்கள் 'மாற்றல்' என்று சொல்லுகிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் அன்றாடம் மாற்றல் என்னும் சொல்லைக் கையாளும் நமக்கு அது சிறிது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தில் மாற்றல் ஆணை தானே தேடி வரும். அமெரிக்க மாணவனோ அதைத் தேடி அலைய வேண்டும்.

இந்த ஏற்பாடு ஏழை மாணவர்மீது கொண்ட இரக்கத்தால் எழுந்தது என்று எண்ணினால் அது பிழை. 1892-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் இளங்கலைப் படிப்பை நடுவே இரண்டாகப் பிளந்தார். 1896 முதல் முற்பகுதிக்கு ஜூனியர் கல்லூரி என்றும், பிற்பகுதிக்குச் சீனியர் கல்லூரி என்றும் பெயர் வழங்கலாயிற்று. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அக்கால அமெரிக்க அறிஞர்களுக்கு ஆதர்சமாக விளங்கின. ஜெர்மனியில் பொதுக் கல்வி முழுவதும் 'ஜிம்னேசியம்' என்னும் உயர்பள்ளியிலேயே முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் நுழைபவன் நேரே ஆழ்ந்த புலமைக்கே வருவான். அமெரிக்கப் பேராசிரியர்களோ பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிப்பதில் பாதி நாளைச் செலவிட வேண்டியிருந்தது. அந்தச் சுமையை வேறெங்கேனும் இறக்கி வைத்தால் நலம் என்பதே ஹார்ப்பரின் நோக்கம். முதல் இரண்டு ஆண்டுகளை வலுவுள்ள உயர்நிலைப் பள்ளிகளும் சிறு கல்லூரிகளும் ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். ஸ்டான்போர்டின் தலைவர் டேவிட் ஸ்டார் ஜார்டனும், பெர்க்லியில் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த அலெக்ஸிஸ் லாங்கெயும் மேற்குக் கரையில் இதே கருத்தினராக இருந்தனர்.

சிகாகோவுக்குத் தென்மேற்கே ஜோலியட் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஜே. ஸ்டான்லி பிரௌன், ஹார்ப்பரின் கருத்தை ஏற்றுச் செயற்படுத்தினார். 1901-ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மேல்வகுப்புகளுக்கும் மேலே கல்லூரிப் பாடம் பயிலும் ஒரு சிறு வகுப்பு அமைந்தது. அதில் இருந்தவர் ஆறே மாணவர்கள். அந்த ஆறு பேரிலிருந்து வளர்ந்த ஜோலியட் ஜூனியர் கல்லூரி, அமெரிக்காவில் இன்றுவரை இடைவிடாது நடந்துவரும் பொது ஈராண்டுக் கல்லூரிகளுள் மூத்தது.

கலிபோர்னியாவில் இது சட்டமாகவே உருக்கொண்டது. ஆன்தனி காமினெட்டி என்னும் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த 1907-ஆம் ஆண்டுச் சட்டம், உயர்நிலைப் பள்ளிகள் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்த அனுமதி தந்தது. 1910-இல் பிரெஸ்னோ என்னும் வேளாண்மை நகரம் முதன்முதலாக அதைப் பயன்படுத்திக் கொண்டது. அவ்வூரார்க்கு ஜெர்மானிய ஆதர்சமெல்லாம் பொருட்டன்று. அவர்களுடைய பிள்ளைகள் மேற்படிப்புக்காக நெடுந்தொலைவு சென்று, அங்கே உண்டி உறையுளுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டு படித்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். இவ்வாறு, மேலிருப்பவர் கூட்டத்தை விலக்குவதற்காக வகுத்த வழியைக் கீழிருப்பவர் மேலேறும் படியாக மாற்றிக் கொண்டனர். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கல்லூரிகளைப் பள்ளியினின்று பிரித்துத் தனி வட்டாரங்களாக அமைத்துக்கொள்ள வழிசெய்தது.

கல்லூரித் தலைவர்கள் மட்டும் நெடுங்காலம் வேறு கனவு கண்டு வந்தனர். 1930-களில் அவர்கள் எழுதியவற்றைப் படித்தால், பெரும்பாலான மாணவர் இரண்டாண்டுத் தொழிற்படிப்போடு நின்றுவிடுவதே நாட்டுக்கு நல்லது என்ற எண்ணம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மாணவரும் பெற்றோரும் அதற்குச் செவிசாய்க்கவில்லை. தொழிற்பிரிவு வகுப்புகள் ஆளின்றிக் கிடக்க, மாற்றலுக்குரிய வகுப்புகளிலேயே அவர்கள் நெருக்கியடித்துச் சேர்ந்தனர். இரண்டாண்டு முடிவில் உண்மையில் மாறிச் சென்றவர் சிலரே என்பது வேறு விஷயம்.

அவ்வாறு மாறிச் சென்றவர்களுள் ஒருவர் ராபர்ட் லெய்ட்டன். 1919-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர்; அவருடைய தந்தை மோட்டார்த் தொழிலுக்குரிய அச்சுகளைச் செய்யும் நுண்தொழிலாளி. குடும்பம் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்த பின் பிரிந்தது. தாய் மகனோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து, ஓட்டல் ஒன்றில் பணிப்பெண்ணாக வேலை செய்து பிழைத்தார். பள்ளியை முடித்த இளைஞர் நேரே பெரிய கல்விநிலையம் எதையும் நாடவில்லை. தொடக்கத்தில் நாம் கூறிய வெர்மாண்ட் சாலைக் கல்லூரியிலே இரண்டாண்டு படித்தார். 1939-இல், அருகிலுள்ள பாசடீனா நகரத்துக் கால்டெக் என்னும் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேர்ந்தார். வீட்டிலேயே தங்கி, தாயைப் பார்த்துக்கொண்டு, கெல்லாக் ஆய்வுக்கூடத்துக்கு எக்ஸ்கதிர்க் கருவிகள் அமைத்துக் கொடுத்துச் செலவுக்குச் சம்பாதித்தார். 1941-இல் அவர் பெற்றது மின்பொறியியல் பட்டம். அதன்பின்தான் பௌதிகத்துக்குத் திரும்பினார். 1944-இல் முதுகலைப் பட்டமும் 1947-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இதில் ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவரை ஆராய்ச்சி உலகத்தோடு பிணைத்தது அந்த ஆய்வுக்கூட வேலை. கூலிக்காகச் செய்த வேலைதான். ஆனால் கருவியும் கையுமாக நின்ற அந்த நேரத்தில்தான் பௌதிகம் எப்படி நடைபெறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஈராண்டுக் கல்லூரியில் நல்ல ஆசிரியர் இருக்கலாம். வகுப்பு சிறியதாகையால் ஒவ்வொரு மாணவனையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடும். பல்கலைக்கழகத்தின் முதலாண்டு விரிவுரைக்கூடத்தில் முந்நூறு பேருக்கு நடுவே கிடைக்காத கவனிப்பு அது. ஆனால் ஆராய்ச்சி என்பது அங்கே கிடையாது. மூத்த மாணவரும் இல்லை. மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைப்பவன், இரண்டு ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் பழகிய தோழர்களிடையே புதியவனாக நிற்கிறான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் காட்சி மாறியது. 1944-ஆம் ஆண்டின் போர்வீரர் உதவிச் சட்டத்தின் பயனாக ஏறத்தாழ 22 லட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிகளில் நுழைந்தனர். ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947-இல் அளித்த அறிக்கையில், ஜூனியர் கல்லூரி என்னும் பெயருக்குப் பதிலாகச் சமுதாயக் கல்லூரி என்னும் பெயரைப் பரப்பியது; நாடெங்கும் அத்தகைய கல்லூரிகள் பெருக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின், பௌதிகம் பயின்றவர்க்கு இருந்த மதிப்பு ஒரே இரவில் உயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டிலேயே விஞ்ஞானக் கல்விக்குப் பணம் வழங்கும் சட்டம் நிறைவேறியது.

இத்தனை பேரை எங்கே கொள்வது? கலிபோர்னியா 1960-இல் இதற்கு ஒரு திட்டம் வகுத்தது. அதன் சிற்பிகளுள் முதன்மையானவர் அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர். பள்ளி முடித்தவருள் தேர்ச்சியில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் நேரே போகலாம். மற்ற யாவருக்கும் ஜூனியர் கல்லூரியின் கதவு திறந்திருக்கும். இவ்வளவோடு நின்றிருந்தால் அதைச் சாதிப் பாகுபாடு போன்றதொரு கல்விப் பாகுபாடு என்று சொல்லியிருப்போம். ஆனால் திட்டத்தில் மற்றோர் அம்சமும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவருள் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர் 40 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. எஞ்சிய 60 விழுக்காடு மேல் இரண்டு ஆண்டுகளுக்கு உரியது. கணக்குப் பார்த்தால், கீழே உள்ளவரைவிட மேலே இடம் மிகுதி. அந்த மிகுதி யாருக்கு? மாறி வருபவருக்கு. கதவு திறந்திருக்கிறது என்று அறிவிப்பது எளிது. உள்ளே நாற்காலியையும் போட்டு வைத்தது அத்திட்டத்தின் பெருமை என்றே நாம் கருதுகிறோம். அக்கல்லூரிகளில் 1984 வரை மாநிலவாசிகளுக்குப் படிப்புக் கட்டணமும் இல்லை.

கதவும் நாற்காலியும் இருந்தும் பௌதிக மாணவன் மட்டும் ஏன் தடுமாறுகிறான்? இத்துறை ஒரு சங்கிலி. வரலாறு படிப்பவன் ரோமாபுரியை விட்டுவிட்டு மொகலாயரை முதலில் படித்தாலும் குடி முழுகிப் போகாது. பௌதிகத்திலோ ஒரு கண்ணி விட்டால் அடுத்தது இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கற்க வேண்டியவை: இயக்கவியல், மின்சாரமும் காந்தமும், அலைகளும் ஒளியும் வெப்பமும், இவற்றோடு இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் அறிமுகம். இவை ஒவ்வொன்றுக்கும் முன்பாகவோ கூடவோ நுண்கணிதத்தின் ஒரு பகுதி தேவை. முதற்பகுதி நுண்கணிதம் தெரியாமல் இயக்கவியலில் நுழைய இயலாது. பல மாறிகளைக் கொண்ட நுண்கணிதம் அறியாமல் மின்காந்தத்தை முழுவதும் உணர இயலாது. வகைக்கெழுச் சமன்பாடுகள் இல்லாமல் மூன்றாம் ஆண்டில் எதுவுமே நடவாது.

ஓர் எளிய குடும்பத்து மாணவனை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் கணிதம் அரைகுறை. முதல் அரையாண்டில் அவன் திரிகோண கணிதத்தையும் இயற்கணிதத்தையும் திருத்திக் கொள்கிறான். இரண்டாம் அரையாண்டில் நுண்கணிதத்தின் முதற்பகுதி. மூன்றாவதில் நுண்கணிதத்தின் இரண்டாம் பகுதியும் இயக்கவியலும். நான்காவதில் மூன்றாம் பகுதியும் மின்சாரமும். ஐந்தாவதில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஒளியியலும். ஒரு தடவைகூடத் தவறாமல் தேறினாலும் ஈராண்டுக் கல்லூரி இரண்டரை ஆண்டாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் மேல்வகுப்புப் பாடங்களோ இலையுதிர் காலத்தில் தொடங்குவன. நடுவே வந்தவன் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். சிறு கல்லூரிகளில் ஒரு பௌதிகப் பாடத்தை ஆண்டுக்கு ஒரு முறையே நடத்துவதும் உண்டு. ஒரு பாடத்தில் தவறினால் ஓர் ஆண்டு போயிற்று. பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாக இருப்பவனுக்கு அந்த ஓராண்டு என்ன விலை என்பதைத் தலைநகரங்களில் மாலைக் கல்லூரிகளில் படித்துத் தேறிய நம் அன்பர்கள் சொல்லாமலே அறிவர்.

இதைவிடக் கொடியது பெயர் மயக்கம். 'பொதுப் பௌதிகம்' என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரிகளில் இருவகைப் பாடங்கள் நடைபெறும். ஒன்று, மருத்துவமும் உயிரியலும் பயில்வோர்க்கு உரியது. அதில் நுண்கணிதம் இராது. மற்றொன்று, பொறியியலாருக்கும் பௌதிக மாணவருக்கும் உரியது. அது நுண்கணிதத்தின்மேல் நிற்பது. முன்னதைப் படித்துவிட்டு வந்தவனுக்குப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறையில் அது செல்லாக் காசு. இருவரும் ஓராண்டு உழைத்தார்கள். இருவர் சான்றிதழிலும் பௌதிகம் என்றே இருக்கிறது. மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு இது புதிதன்று. அகராதியில் நிகரென்று கண்ட சொல் வாக்கியத்தில் வைத்ததும் நிகரல்லாமற் போவதை நாள்தோறும் பார்க்கிறோம்.

சரியான வகையையே படித்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஒரு கல்லூரி வெப்பவியலை முதற்பகுதியில் வைக்கும். மற்றொன்று மூன்றாம் பகுதியில் வைக்கும். ஒரு நிலையம் ஆண்டை இரண்டு பருவமாகப் பிரிக்கும். இன்னொன்று மூன்றாகப் பிரிக்கும். தொடர் பாடத்தின் நடுவிலே கல்லூரி மாறியவன் வெப்பவியலை இரு முறை படிக்க நேரிடும்; அல்லது ஒரு முறைகூடப் படிக்காமல் நான்காம் ஆண்டுப் புள்ளியியல் இயக்கவியலில் போய் விழ நேரிடும். தொடங்கிய தொடரைத் தொடங்கிய இடத்திலேயே முடித்துவிட்டுப் புறப்படு என்று அங்கே அறிவுரை கூறுவதன் காரணம் இதுதான்.

நம் பழைய ஏற்பாட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சர். சி. வி. ராமன் எப்.ஏ. வகுப்பை விசாகப்பட்டினத்தில் முடித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதுவும் ஒரு வகையில் ஈராண்டுப் படிப்பிலிருந்து பௌதிகப் பட்டத்துக்கு மாறிச் சென்றதேயாகும். ஆனால் அவரை யாரும் உன் பாடம் எங்கள் பாடத்துக்கு நிகரா என்று கேட்கவில்லை. இரண்டு கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே உட்பட்டவை. பாடத்திட்டம் ஒன்று, பரீட்சையும் ஒன்று. ஒரே பரீட்சை என்ற முறைக்கு எத்தனையோ குறைகள் உண்டு. ஆசிரியருடைய கைகளை அது கட்டிப்போட்டது என்பதும் மெய். ஆயினும் ஊர் மாறுபவனுக்கு அது பாலமாக இருந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் தன் பாடத்தைத் தானே வகுத்துத் தானே தேர்வு நடத்துகிறது. அந்தச் சுதந்திரத்துக்குரிய விலையை மாறிச் செல்லும் மாணவன் செலுத்துகிறான்.

1960-ஆம் ஆண்டு, கெர் தம் திட்டத்தை வெளியிட்ட அதே ஆண்டில், பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார் சான் ஹோசே நகரத்து ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து எழுதியவை வெளியாயின. அவர் கூறியது கசப்பான உண்மை. கல்லூரியில் சேரும்போது பெரும்பாலோர் மாற்றலை நாடியே வருகின்றனர். நுழைவுச் சோதனை, மதிப்பெண், ஆலோசகரோடு உரையாடல் எனப் படிப்படியாக அவர்களுடைய ஆவல் தணிக்கப்படுகிறது. முகத்தில் அடித்தாற்போல் யாரும் மறுப்பதில்லை. மின்பணியாளர் படிப்பு உனக்கு ஒத்துவருமே என்று மெல்ல எடுத்துச் சொல்லுகிறார்கள். தோல்வி தன்னுடையதே என்று நம்பி மாணவன் ஒதுங்கிக்கொள்கிறான். ஆறப் போடுதல் என்று அவர் இதைக் குறித்தார். இதை ஒரு சதி என்று நாம் சொல்லமாட்டோம். ஆலோசகருள் நல்லெண்ணம் படைத்தோரே மிகுதி. ஆயினும், நுண்கணிதத்தில் முதல் முறை தவறியவனுக்கு இன்னொரு முறை முயலச் சொல்வதற்கும், உனக்கு இது வேண்டாம் என்று சொல்வதற்கும் இடையே ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

தப்பிப் பிழைத்து மறுகரை சேர்ந்தவர்க்கும் ஓர் இடி காத்திருந்தது. மாறி வந்த முதற் பருவத்தில் அவர்களுடைய மதிப்பெண் சரிவதை ஜான் ஹில்ஸ் என்பவர் 1965-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டி, அதற்கு 'மாற்றல் அதிர்ச்சி' என்று பெயரிட்டார். பின்னர்ப் பலர் மீண்டும் எழுந்து விடுவதையும் அதே ஆய்வு காட்டியது. பௌதிகத்தில் இந்த அதிர்ச்சிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மேல்நிலை இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல் ஆகியவை ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலைமேல் இறங்குகின்றன. மற்றவர் இரண்டாண்டுத் தோழமையில் கூடி உட்கார்ந்து கணக்குப் போடும்போது இவன் தனியே போடுகிறான்.

லெய்ட்டனின் பிற்கால வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் கால்டெக்கிலேயே ஆசிரியரானார். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலும் கீழும் அசைவதை 1960-களின் தொடக்கத்தில் தம் மாணவரோடு கண்டறிந்தார். 1965 ஜூலையில் மாரினர்-4 என்னும் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அருகிலிருந்து முதன்முதலாகப் படம் பிடித்தபோது அப்படக்குழுவின் தலைவர் அவரே. செப்பமான, விலைமிக்க கண்ணாடிக்குப் பதிலாகப் பிசின் பூச்சால் ஆடி செய்து, ஜெர்ரி நாய்கெபாவரோடு சேர்ந்து வானத்தின் அகச்சிவப்புக் கதிர்களை அளந்தார். தந்தையின் அச்சுத் தொழில் மகனுடைய கைகளில் இவ்வாறு வேறு உருவம் கொண்டது போலும்.

எனினும் உலகெங்கும் உள்ள மாணவர் அவர் பெயரை அறிந்தது வேறொரு வகையில். 1961 முதல் 1963 வரை ரிச்சர்டு ஃபைன்மன் கால்டெக்கின் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்க்குப் பௌதிக விரிவுரை நிகழ்த்தினார். அவை நூல் வடிவம் பெற்றபோது அட்டையில் ஃபைன்மன், லெய்ட்டன், சாண்ட்ஸ் என மூன்று பெயர்கள் இருந்தன. ஒலிநாடாவில் பதிந்த பேச்சை எழுத்தாக்கும் வேலையை ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். அது பலிக்கவில்லை. ஒவ்வொரு விரிவுரைக்கும் தேர்ந்த பௌதிக அறிஞர் ஒருவர் பத்து முதல் இருபது மணிநேரம் உட்கார வேண்டியிருந்தது. வானொலிப் பேச்சை அச்சுக்கு ஏற்பத் திருத்தியவர் எவருக்கும் இந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது. 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் இன்று நம் நாட்டுக் கல்லூரி நூலகங்களிலும் அட்டை தேய்ந்து கிடக்கிறது. பௌதிகப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய நூல் அது. அதைச் செப்பம் செய்து அச்சுக்குத் தந்தவர், தம் முதல் இரண்டு ஆண்டுகளை வெர்மாண்ட் சாலையில் ஒரு நகரக் கல்லூரியில் படித்தவர்.

இவர் ஒருவர்தானா என்று கேட்கலாம். பக்கத்துத் துறையில் மற்றொருவரும் உண்டு. 1984-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டு, பாசடீனா ஜூனியர் கல்லூரியில் படித்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். ஆனால் இத்தகைய பெயர்களை அடுக்கி மனநிறைவு கொள்வது உண்மையை மறைப்பதாகும். சமுதாயக் கல்லூரியில் புதிதாகச் சேர்வோருள் பெரும்பாலோர் பட்டத்தையே நாடுகின்றனர். அண்மைக் கணக்குகளின்படி, அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே நான்காண்டு நிலையத்துக்கு மாறிச் செல்கின்றனர். ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுவோர் ஆறில் ஒருவர் அளவே. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், எந்த வகை நிலையத்திலிருந்து மாறினாலும், தாம் ஏற்கனவே படித்துத் தேறிய பாட அலகுகளில் சராசரி 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. பாதிக்குச் சற்றே குறைவு! பணம் கட்டிப் படித்துத் தேறிய பாடம் வழியில் உதிர்ந்து போகிறது.

இதற்கு மருந்து தேடும் வேலை பெரும்பாலும் அலுவலகப் பணியாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் செய்தித்தாள்களில் இடம்பெறுவதும் அரிது. புளோரிடா மாநிலம் 1970-களிலேயே தன் பொதுக் கல்லூரிகளின் பாடங்கள் யாவற்றுக்கும் ஒரே எண் வரிசையை ஏற்படுத்தியது. ஒரே எண் கொண்ட பாடத்தை எங்கே படித்தாலும் ஏற்க வேண்டும். கலிபோர்னியா 1985 முதல், எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்னும் பட்டியலைப் பொதுவில் வைத்தது. 2010-இல் இயற்றிய சட்டத்தின்படி, மாற்றலுக்கென வகுத்த ஈராண்டுப் பட்டம் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. எஞ்சிய பாதியில் அறுபது அலகுக்கு மேல் கேட்கலாகாது. பௌதிகமும் அத்துறைகளுள் ஒன்று. சமுதாயக் கல்லூரிகளில் பொதுப் பாட எண் வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது 2021-இல்தான். புளோரிடாவுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ஒவ்வொரு பௌதிகத் துறையும் தன் வெப்பவியல் தன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி தொலைதூரத்துச் செய்தியன்று. தந்தைக்கு மாற்றல் வந்தது, மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு பௌதிகம். மைக்ரேஷன் சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு புதிய ஊரின் பல்கலைக்கழக அலுவலகத்தில், இந்தப் பருவத்தில் நாங்கள் ஒளியியல் வைத்திருக்கிறோம், உங்கள் பெண் மின்சாரம் அல்லவா படித்திருக்கிறாள் என்ற பேச்சைக் கேட்ட குடும்பங்கள் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பல. மகளை விடுதியில் விட்டுவிட்டுக் குடும்பம் மட்டும் புறப்படுவதும், தந்தை தனியே புதிய ஊருக்குப் போவதும் இதன் விளைவே.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, நம் நாட்டிலும் மாணவர் தேறிய பாட அலகுகளை ஒரு வங்கிக் கணக்கில் போலச் சேர்த்துவைத்து, வேறொரு நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வழி ஏற்பட்டிருக்கிறது. கணக்கில் அலகு ஏறுவது ஒரு காரியம். ஏற்கும் துறை அதைத் தன் மூன்றாம் பருவத்து மின்காந்தவியலுக்கு ஈடாகக் கொள்வது மற்றொரு காரியம். ஆகவே மாற்றல் வரக்கூடிய வீடுகளில், மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பருவத்துப் பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதியையும், ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளின் பதிவேட்டையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்வது நலம். அமெரிக்காவிலும் ஈடு பற்றி வழக்கு எழும்போது துறைத்தலைவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.